பத்திரிகையிலும் பாரத்திலும் வெளிநாடு

வைகாசி மாதத்தில் போர்ட் பிளேரில் ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடும். நாங்கள் குடியிருக்கும் ஜங்லிகாட் பேட்டையின் தகரக் கூரைகளில் வெயில் ஏறுவதற்கு முன்பே நான் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். விளக்கு வேண்டியதில்லை. ஆனால் கார்த்திகை வந்துவிட்டால் மாலை ஐந்து மணிக்கு மேல் ஊசியில் நூல் கோக்க முடியாது. வந்த புதிதில் கடிகாரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கடிகாரத்தில் ஒரு கோளாறும் இல்லை. டில்லியில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி. இராமநாதபுரம் ஜில்லாவில் இருக்கும் எங்கள் ஊரிலும் அதே மணிதான். சூரியன் மட்டும் இங்கே முன்கூட்டியே வேலைக்கு வந்து முன்கூட்டியே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. இருட்டின பிறகும் விளையாடிவிட்டு வருகிறாளே என்று மகளைத் திட்டப் போனால் மணி ஐந்தே முக்கால்தான் ஆகியிருக்கும்.

இதை ஊருக்கு எழுதினால், "பாத்தியா, வெளிநாடுன்னா வெளிநாடுதான்" என்று வாயைப் பிளப்பார்கள். அந்தமானைப் பற்றி எங்கள் ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கப்பலேறிப் போனவன் எவனும் வெளிநாட்டுக்காரன். ரங்கூனுக்குப் போனவர், பினாங்குக்குப் போனவர், கொழும்புக்குப் போனவர் எல்லாரையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்திருக்கிற ஊர் அது. ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் மேஸ்திரியாக இருக்கும் என் வீட்டுக்காரரையும் அந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். கல்யாணத்தின்போது, "பூரணத்த வெளிநாட்டுல குடுத்திருக்கு" என்று அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் மறுக்கவில்லை. பத்தொன்பது வயதில் எந்தப் பெண் மறுப்பாள்?

அந்தச் சொல் ஏழெட்டு வருஷம் கழித்து என்னைத் தேடிக்கொண்டு வந்தது. அறுபதுகள் முடிகிற சமயம். மெட்ராஸ் கப்பல் ஹேடோவில் கட்டினால் இங்கே யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கடைத்தெருவில் வெங்காய விலை இறங்கிவிடும், தபால்காரருக்கு நடை கனத்துவிடும். அன்று எனக்கு இரண்டு உறை வந்தது. முதல் உறையில் அண்ணன் மகள் வள்ளியின் கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய நாலு முனையையும் தொட்டுப் பார்த்துவிட்டு உறவினர் பெயர்களைப் படித்தேன். அத்தை பூரணம் என்று போட்டு, பக்கத்தில் ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் "வெளிநாடு" என்று அச்சடித்திருந்தார் அண்ணன். சிரித்துவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

இரண்டாவது உறை எங்கள் ஊர் பாங்கிலிருந்து, அண்ணன் வீட்டுக்கு வந்ததை அவர் பிரிக்காமலேயே முகவரி மாற்றி அனுப்பியிருந்தார். அப்பா செத்த பிறகு கிணற்றடிப் புஞ்சையை விற்றபோது என் பங்கை அந்த பாங்கில் என் பெயரில் வைப்பாகப் போட்டிருந்தோம். வருஷா வருஷம் அதன் வட்டி எனக்கு வரும். அதை வைத்துத்தான் இந்த மிஷினைத் தவணையில் வாங்கியிருந்தேன். கடைசித் தவணை அந்த வருஷ வட்டியில் முடிய வேண்டும். வந்த தாளில் வட்டியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எழுதியிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. தாளைக் கொண்டுபோய் என் வீட்டுக்காரரின் ஆபீசில் ஒருவரிடம் படிக்கச் சொன்னேன். கணக்குக்காரர் இந்தியாவுக்கு வெளியே வசிப்பதால் சட்டப்படி வருமான வரி பிடிக்கப்பட்டிருக்கிறது என்று படித்தார். படித்துவிட்டு, "எந்த நாட்டுல இருக்கீங்க பஹன்ஜி?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரே கப்பலில் வந்த இரண்டு தாளிலும் ஒரே சொல்தான். ஒன்றைப் பார்த்துச் சிரித்தவள் மற்றொன்றைப் பார்த்து எரிந்தேன் என்பதை இங்கேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குத்திக்காட்ட வேண்டாம்.

எரிச்சலில் அழுகையும் வந்தது. பக்கத்து அறை மாலதி தீதி, அதாவது மாலதி அக்கா, ஓடிவந்தாள். கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி வந்து, கல்கத்தாவில் முகாமில் கிடந்து, பிறகு சர்க்கார் கொண்டுவந்து இங்கே குடியேற்றிய குடும்பம் அவளுடையது. அவள் தம்பிக்கு வட அந்தமானில் திக்லிபூரில் நெல் வயல் இருக்கிறது. இவள் புருஷனுக்கு மர மில்லில் வேலை கிடைத்ததால் ஜங்லிகாட்டுக்கு வந்துவிட்டாள்.

"க்யா ஹுவா பஹன்? கோயி மர் கயா?" யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று பதறினாள்.

"யாரும் சாகல தீதி. பைசா காட் லியா. நான் பிதேஷ்ல இருக்கேன்னு சொல்றான்" என்று காசு பிடித்ததைப் பாதி இந்தியும் பாதி தமிழுமாகச் சொன்னேன். எங்கள் தெருவில் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

பிதேஷ் என்ற வார்த்தைதான் அவள் காதில் விழுந்தது. என்னை வெளிதேசத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். முகம் வெளுத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதே, கொஞ்ச நாள் முகாமில் இருக்கச் சொல்வார்கள், பிறகு நிலம் தருவார்கள், எருமை தருவார்கள், எங்களுக்கும் தந்தார்கள் என்று ஆறுதல் சொன்னாள். அப்படியில்லை தீதி என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. எல்லை தாண்டி வந்தவளுக்கு இந்த நாட்டில் இடம் இருக்கிறது. ரொம்ப நியாயம், இருக்கட்டும். ஒரு எல்லையையும் தாண்டாத என்னை எதற்காக வெளியே தள்ளுகிறான்? மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறி ஹேடோவில் இறங்கியவள் நான். நடுவில் தண்ணீர் இருந்தது. தண்ணீரைத் தாண்டினால் நாடு மாறிவிடுமா?

"போய்ட்டு வர்ற செலவு, புடிச்ச காசைவிடக் கூட ஆகும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"காசுக்குப் போகல."

"பின்ன?"

"கல்யாணத்துக்குப் போறேன். போற வழியில அந்த வரியையும் அடிச்சுட்டு வாறேன். இந்த வருஷம் சும்மா விட்டா, வருஷா வருஷம் புடிப்பான். நாளைக்கு நம்ம மக அங்க போய் நின்னா அவளையும் எந்த நாட்டுக்காரின்னு கேப்பான்."

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகளை அவரிடமும் தீதியிடமும் விட்டுவிட்டு, மூன்று சிங்கம் முத்திரை போட்ட அவருடைய சம்பளச் சீட்டையும் எங்கள் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு, அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் கப்பலேறினேன். நாலாம் நாள் மெட்ராஸ். மறுநாள் ஊர்.

வீட்டில் பந்தல்கால் ஊன்றியிருந்தார்கள். வள்ளி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எனக்குக் கல்யாணமாகும்போது பாவாடையில் திரிந்தவள், இப்போது என்னைவிட உயரம். இரண்டு நாள் அவளுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டும், தீவில் யானை மரம் இழுப்பதைச் சொல்லிக்கொண்டும் போயிற்று. அண்ணன் வேலுச்சாமி வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "தங்கச்சி கப்பல்ல வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பினாங்கில் இருந்து பணத்தோடு திரும்பியவர்கள். வெளிநாட்டுச் சம்பந்தம் உள்ள இடமாகப் பார்த்துத்தான் வள்ளியைக் கேட்டு வந்தார்களாம். அந்த வெளிநாட்டுச் சம்பந்தம் நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் அண்ணனோடு பாங்குக்குப் போனேன். என்ன விஷயம் என்று அவரிடம் சொல்லவில்லை. வட்டி வாங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தார். பாங்கில் அப்போது மேனேஜரை ஏஜென்ட் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், புதிதாக வந்தவர். வந்ததும் பழைய விண்ணப்பப் பாரங்களையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார், என் வினையும் அப்படித்தான் வெளிப்பட்டிருக்கிறது. குமாஸ்தா ராமலிங்கம் எங்கள் ஊர்க்காரர், அண்ணனோடு படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் ஊரில் எந்தக் கல்யாணமானாலும் மொய் எழுத அவர்தான் உட்காருவார்.

சம்பளச் சீட்டையும் ரேஷன் கார்டையும் மேஜையில் விரித்தேன். "ஐயா, இந்த முத்திரையப் பாருங்க. இந்த அரிசி இந்திய சர்க்கார் அரிசி. எங்க ஊர்ல கவர்னர் ஜெனரல் இல்ல, ராஜா இல்ல, டில்லி அனுப்புன சீஃப் கமிஷனர்தான் இருக்காரு. நாங்க ஒட்டுற தபால்தலைல காந்தி படம் இருக்கு. இதுல எது வெளிநாடு?"

ஏஜென்ட் பொறுமையாகக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "அந்தமான் இந்தியாவில்தான் இருக்கிறது, எனக்கும் தெரியும் அம்மா. ஆனால் நீங்கள் அந்தமானில் இருப்பதாக எங்கேயும் எழுதவில்லையே" என்று ஒரு பழைய பாரத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். முகவரிக்கு அண்ணன் வீடு. இந்தியாவுக்கு வெளியே வசிப்பவரா என்ற கேள்விக்கு நேராக, ஆம். கீழே தமிழில், கோணல்மாணலாக, என் கையெழுத்து.

அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. அப்பா செத்து, கல்யாணத்துக்குப் பிறகு நான் முதல்முதலாக ஊருக்கு வந்திருந்த சமயம். மெட்ராஸில் இறங்கிய அன்றே மூர் மார்க்கெட்டில் வாங்கிய நைலான் புடவையைக் கட்டிக்கொண்டு இதே பாங்குக்கு வந்தேன். வரிசையில் நின்ற பெண்கள் புடவையைத் தொட்டுப் பார்த்து, "அந்த ஊருச் சரக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அண்ணன் பாரத்தைப் பூர்த்திசெய்துகொண்டே, "வெளிநாடுன்னு போட்டுட்டேன், சரிதானே?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு வாயெல்லாம் பல். கையெழுத்துப் போட்டேன். ஏமாந்து போட்டேன் என்றோ, தெரியாமல் போட்டேன் என்றோ சொல்ல எனக்கு வழியே இல்லை.

அண்ணன் என் முழங்கையைப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "ஏத்தா, இதுக்குத்தான் என்னையக் கூட்டிட்டு வந்தியா? அந்தக் காசை நான் தர்றேன். விட்டுத் தொலை."

"உங்க காசு எதுக்குண்ணே எனக்கு?"

"பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. இந்த பாங்குல நீ சொல்றது நாளைக்கே மாப்ள வீட்டுக்குப் போயிரும். மூட்டை இறக்குற எடத்துல மேஸ்திரி, தகரக் கொட்டாயில குடித்தனம்னு தெரிஞ்சா என்னைய என்னான்னு நெனைப்பாக?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. தகரக் கொட்டாய்தான். மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆனால் அதற்கு நான் வெட்கப்பட்டதில்லை. அண்ணன் வெட்கப்பட்டார் என்பது அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவர் வெளிநாடு என்று சொல்லி மூடி வைத்தது என்னைத்தான். நானும் நைலான் புடவையைக் கட்டிக்கொண்டு அதற்கு உடந்தையாக இருந்திருக்கிறேன்.

திரும்ப உள்ளே போனேன். ஏஜென்டிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னேன், ஆனால் வரிசையில் நின்ற எட்டுப் பத்துப் பேருக்கும் கேட்டிருக்கும். "ஐயா, அது பெருமைக்குப் போட்ட கையெழுத்து. நான் இருக்கிறது போர்ட் பிளேர்ல ஜங்லிகாட். என் புருஷன் ஹேடோல சரக்கு இறக்குற மேஸ்திரி. நான் தையக்காரி. நாங்க இந்தியாவ விட்டு ஒரு நாளும் வெளிய போனதில்ல. எழுதிக்கங்க." சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாக இருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

ஏஜென்ட் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். அதையே எழுதிக் கொடுங்கள், இனிமேல் பிடிக்க மாட்டோம் என்றார். ஏற்கெனவே பிடித்த வரி சர்க்காருக்குப் போய்விட்டது, அதை வருமான வரி ஆபீசுக்கு மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், பாரம் நானே தருகிறேன் என்றார். ஒரு சங்கதி மட்டும் இருந்தது. முதலில் கணக்கு ஆரம்பித்தபோது என்னை அறிமுகம் செய்து கையெழுத்துப் போட்டவர் யாரோ, அவரே இப்போதும் இவர் இந்தியாவில்தான் இருக்கிறார் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அறிமுகம் செய்தவர் வேலுச்சாமி அண்ணன்.

நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளோடு வேப்பமரத்தடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தாளை எட்டிப் படித்துப் பார்த்தார். பிறகு, "போடுறேன்" என்றார். "ஆனா நீ கல்யாணத்துல நிக்கக் கூடாது. நின்னா நாலு பேரு நாலு கேள்வி கேப்பாக, நீயும் பட்டு பட்டுன்னு சொல்லிப்புடுவ. கப்பல் முன்னாலயே கெளம்புது, அவசரமாப் போயே ஆகணும்னு சொல்லிக்கிறேன்."

அதாவது, நான் வெளிநாட்டில் இல்லை என்று பாங்குக்குக் கையெழுத்து. நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று பந்தலுக்குச் சேதி. இதைவிட ஒரு கூத்து உண்டா? எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்தான். நாலு நாள் கடல் கடந்து வந்தது அதற்காக. அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்திருக்கலாம், வள்ளிக்கு நானே பூ வைத்துவிட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் கை அதற்குத் துணிந்ததும் உண்மை. பிறகு தாளை அவர் முன்னால் நீட்டி, "போடுங்கண்ணே" என்றேன்.

கையெழுத்தைப் போட்டார். ராமலிங்கம் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். கிளம்புவதற்கு முன் நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐம்பத்தோரு ரூபாயை ராமலிங்கத்தின் கையில் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் மொய் வாங்கினால் ஊரையும் பேரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். "அண்ணே, நான் நிக்க மாட்டேன்னுதான் வாக்குக் குடுத்திருக்கேன். வாயத் தொறக்க மாட்டேன்னு குடுக்கல. என் மொய்ய எழுதி, ஊர்ப் பேரை நான் சொல்ற மாதிரியே வாசிக்கணும்" என்றேன். அவர் அண்ணன் போன திக்கைப் பார்த்துவிட்டு, ரூபாயைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வள்ளியிடம் என்ன சொன்னேன் என்பதை எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அவசரம் என்றேன், அவ்வளவுதான். கல்யாணத்தன்று நான் கடலில்கூட இல்லை. கப்பலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மெட்ராஸில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு சத்திரத்தில், முகூர்த்த நேரத்துக்கு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் என் அண்ணன் மகளுக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தது. அழுகைக்கு நடுவிலும் கையெழுத்தை வாங்கியது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

பிடித்த வரி ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வந்தது. மிஷினின் கடைசித் தவணையை அதற்கு முன்பே கடன் வாங்கிக் கட்டியிருந்தேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நான் வந்து சேர்ந்த மாதமே அடுத்த கப்பலில் ராமலிங்கம் எழுதிய கடிதம் வந்தது. கல்யாணம் நல்லபடி முடிந்ததாம். பந்தியில் குறையில்லையாம். நான் சொன்னபடியே மைக்கில், "இந்தியா, போர்ட் பிளேர், ஜங்லிகாட், அத்தை பூரணம், ரூபாய் ஐம்பத்தொன்று" என்று வாசித்தாராம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டாராம். மாப்பிள்ளை வீட்டார் காதில் வாங்கினதாகவே தெரியவில்லையாம், அவர்கள் பாயசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். காதில் வாங்கியது மணையில் இருந்த வள்ளி மட்டும்தான். மாலையும் கழுத்துமாக எழுந்து மொய் மேஜைக்கே வந்துவிட்டாளாம்.

"அத்தை இந்தியாவுலதான் இருக்காகளா? அப்ப ஏன் கல்யாணத்துக்கு நிக்காமப் போனாக?" என்று கேட்டாளாம். நான் அடுத்த பேரை வாசித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

நான் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மிஷினில் விட்டுவிட்டு, வள்ளிக்கு நானே போய்ப் பதில் சொல்ல, நேராகக் கப்பல் டிக்கெட் ஆபீசுக்கு நடந்தேன். யாரும் கூப்பிடாவிட்டாலும் பிறந்த வீட்டுக்குப் போவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று அன்று தோன்றியது. கவுண்டரில் ஒரு பஞ்சாபிக்காரர் இருந்தார். எங்கே போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். வீட்டுக்கு என்றேன். தலையாட்டிவிட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் போவதற்கு மட்டும் டிக்கெட். வீட்டுக்குப் போகிறவளுக்குத் திரும்புகிற டிக்கெட் எதற்கு என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"வாபஸீ பீ சாஹியே" என்றேன். திரும்பி வரவும் வேண்டும்.

"வாபஸ் கஹான்?" என்றார். திரும்பி எங்கே?

"கர்" என்றேன். வீட்டுக்கு.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். எனக்கு இந்தி சரியாக வரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, முதல் கேள்வியிலிருந்து மறுபடி நிதானமாக ஆரம்பித்தார். நானும் அதே இரண்டு பதிலை அதே மாதிரி சொன்னேன்.